புள்ளியும் கோடும் வீண் வேலையா?



எம் பள்ளியின் ஆண்டு மலரில் ஒவ்வோராண்டும் கல்வி, ஒழுக்கம், தாய்மொழிப்பற்று ஆகியவை பற்றிச் சில சொற்கள் எழுதுவது எமது வழக்கம். இவ்வாண்டு அவ்வழக்கத்தினின்று சற்றே விலகி, கால அட்டவணையின் ஓரத்தில் ஒடுங்கிக் கிடக்கும் ஓவியப் பாடத்தைப் பற்றி எழுதத் துணிந்துள்ளோம். ஒரு தாயார் எம்மிடம் கேட்ட கேள்வியே அதற்குக் காரணம்.

மதிப்பெண் அறிக்கை பெற வந்த நாளன்று அவ்வம்மையார், ஐந்தாம் ஆண்டில் பயிலும் தம் மகனின் ஓவியத்தாளைக் கையில் பிடித்தபடி எம் அறை வாயிலில் நின்றார். தாள் முழுதும் வட்டங்களும் முக்கோணங்களும் கோடுகளுமே இருந்தன. சிவப்பு, நீலம், மஞ்சள் என மூன்றே வண்ணங்கள். “ஐயா, மாடு வரையலாம், வீடு வரையலாம், முருகன் படம் வரையலாம். இது என்னங்க ஐயா? வெறும் கோடும் வட்டமுமாக இருக்கிறதே! இதற்குமா ஒரு பாடவேளை?” என்று கேட்டார்.

விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நண்பகல் கடந்தும் உழைத்து, அந்தக் கூலியில் பிள்ளைக்கு வண்ணப்பெட்டி வாங்கித் தந்தவர் அவர். கேட்பதற்கு முழு உரிமை உடையவர். அன்று நாம் கூறிய விடை அரைகுறையானது. முழு விடையை இங்கே எழுதுகிறோம்.

நாம் செய்த பிழை

முதற்கண் எம் குற்றத்தை ஒப்புக்கொள்வதே முறை. 1988ஆம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு மாணவர்களை அச்சுறுத்தி வந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டில் கைவிடப்பட்டது. அத்தேர்வு இருந்த காலத்தில், ஓவியப் பாடவேளை வந்ததும் கணிதப் பயிற்சித்தாளை எடுத்து நீட்டிய வகுப்பாசிரியர்களுள் நாமும் ஒருவராக இருந்தோம். “ஓவியம் சோறு போடாது” என்று பிள்ளைகளின் முகத்திற்கு நேரே கூறியதும் உண்டு. தேர்வு போயிற்று, ஆயின் தேர்வு வளர்த்துவிட்ட மனப்போக்கு இன்னும் போகவில்லை. ஓவியப் பாடவேளையைக் கடன் கேட்டு வரும் ஆசிரியர்களை இன்றும் காண்கிறோம். அக்கடன் திரும்பச் செலுத்தப்பட்டதை இதுவரை நாம் கண்டதில்லை.

மற்றொரு பிழையும் செய்தோம். ஓவியம் கற்பித்த நாள்களிலும், கரும்பலகையில் ஒரு செம்பருத்தியை வரைந்துவிட்டு, “இதைப் பார்த்து அப்படியே வரையுங்கள்” என்போம். கை வந்த ஐந்தாறு பிள்ளைகள் வரைந்து பாராட்டுப் பெறுவர். ஏனையோர் அழித்து அழித்துத் தாளைக் கிழிப்பர். பத்து, பதினொரு வயதை எட்டிய பிள்ளை, தான் வரைந்த பூவையும் மெய்யான பூவையும் ஒப்பிட்டுப் பார்த்துத் தன்னைத் தானே குறை காணத் தொடங்குகிறான். “எனக்கு வரைய வராது” என்று அவ்வயதில் கட்டிய முடிவை, நாற்பது வயதிலும் அவிழ்க்காமல் வைத்திருக்கும் பெற்றோர் நம் தோட்டத்தில் எத்தனை பேர்! நான்காம், ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வடிவியல் ஓவியத்தைக் கற்பிக்க வேண்டும் என நாம் வற்புறுத்துவது இதனாலேயே. இதில் ‘அப்படியே’ வரைவதற்கு எதிரே ஒரு பொருள் இல்லை. ஆகவே எந்தப் பிள்ளையும் தோற்றுப்போனவனாக இருக்கையில் அமர வேண்டியதில்லை.

எதன் படமும் அல்லாத படம்

மரத்தையோ மாட்டையோ காட்டாமல், புள்ளி, கோடு, வட்டம், சதுரம், வண்ணம் ஆகியவற்றை மட்டுமே கொண்டு கண்ணுக்கு ஓர் ஒழுங்கையும் உள்ளத்திற்கு ஓர் உணர்வையும் தருவது அருவ வடிவியல் ஓவியம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஓவியர் சிலர் இதனை ஒரு தனிக்கலையாகவே வளர்த்தனர். உருசிய நாட்டில் பிறந்த காண்டின்ஸ்கி, செருமனியின் பௌஹாஸ் கலைப்பள்ளியில் 1922 முதல் 1933இல் அப்பள்ளி மூடப்படும்வரை ஆசிரியராகப் பணியாற்றினார். புள்ளி எவ்வாறு கோடாகிறது, கோடு எவ்வாறு தளமாகிறது என்பதை விளக்கி 1926இல் ஒரு நூலே வெளியிட்டார்.

ஹாலந்து நாட்டு மோந்திரியான் என்பாரின் வரலாறு எமக்கு மிகவும் நெருக்கமானது. அவருடைய தந்தையார் ஒரு தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியர். அவரும் ஆசிரியர் தகுதி பெற்றவர். தொடக்கத்தில் ஆற்றங்கரையையும் காற்றாலையையும் மரங்களையும் உள்ளது உள்ளவாறே தீட்டியவர் அவர். பின்னர், மரத்தின் கிளைகள் வளைகோடுகளாயின, வளைகோடுகள் நேர்க்கோடுகளாயின, இறுதியில் கறுப்புக் கோடுகளும் சிவப்பு, நீலம், மஞ்சள் கட்டங்களும் மட்டுமே எஞ்சின. மாடும் மரமும் வரையத் தெரியாதவர் கோடு போட்டுத் தப்பித்துக்கொண்டார் என எவரும் எண்ணிவிடலாகாது. வரையத் தெரிந்த ஒருவர், தேவையற்றவற்றை ஒவ்வொன்றாக நீக்கிச் சென்று அடைந்த இடம் அது.

ஆயினும் இக்கலையை ஐரோப்பியர் வந்துதான் நமக்குக் காட்ட வேண்டுமா? சென்ற பொங்கல் விழாவில் எமக்குக் கிடைத்த விடையைக் கேளுங்கள்.

அம்மையார் தந்த விடை

கேள்வி கேட்ட அதே அம்மையாரைப் பொங்கல் விழாவிற்கு அழைத்து, பள்ளி முற்றத்தில் ஒரு கோலம் இட்டுத் தருமாறு வேண்டினோம். ஐந்தாம் ஆண்டு மாணவர்களைச் சுற்றி நிறுத்தினோம். அவர் 7 புள்ளி வைத்து, இடைப்புள்ளியாக இருபுறமும் 6, 5, 4 எனக் குறைத்து வந்தார். மொத்தம் 37 புள்ளிகள். ஓர் அறுகோணம் தரையில் தோன்றிற்று. அடிக்கோலும் இல்லை, அளவுநாடாவும் இல்லை. பிறகு கோடுகள் புள்ளிகளைச் சூழ்ந்து வளைந்து சென்றன. அருகிலிருந்த மாணவி ஒருத்தி, “இது என்ன படம் அக்கா?” என்று கேட்டாள். அம்மையார் சிரித்தார். “இது எதன் படமும் இல்லையம்மா, கோலம்தான்” என்றார்.

சொன்ன மறுகணம் எம்மை நிமிர்ந்து பார்த்தார். தம் கேள்விக்குத் தாமே விடை கூறிவிட்டதை உணர்ந்துகொண்டார். நாம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் தேவை இருக்கவில்லை.

தாயிடமிருந்து மகள் என வழிவழியாக வந்த இக்கலை கற்றோரால் ஆராயப்பட்டதும் உண்டு. தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்துவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் அவர்தம் குழுவினரும் 1970களில் கோலங்களை எடுத்துக்கொண்டு, படங்களுக்கான இலக்கணத்தைக் கணினியியல் நோக்கில் ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டனர். ‘சும்மா கோலம்’ என்று நம் வீட்டுப் பெண்கள் அடக்கத்துடன் கூறுவது அத்துணை எளியது அன்று என்பதற்கு இது சான்று.

நம் நாட்டுப் பிற இனத்தாரிடமும் இச்செல்வம் நிரம்ப உண்டு. மலாய்க்காரர் நெய்யும் சொங்கெட் துணியில் மூங்கில் குருத்து எனப் பொருள்படும் ‘பூச்சோக் ரெபோங்’ முக்கோணங்கள் வரிசை வரிசையாக நிற்பதைக் காணலாம். மெங்குவாங் பாயின் பின்னலும் கட்டங்களின் விளையாட்டே. கோலாலம்பூரில் 1998இல் கட்டி முடிக்கப்பெற்ற, 452 மீட்டர் உயரமுள்ள இரட்டைக் கோபுரத்தின் தள அமைப்பைப் பாருங்கள். ஒரு சதுரத்தின்மேல் மற்றொரு சதுரத்தைத் திருப்பி வைத்தால் தோன்றும் எண்முனை விண்மீனே அதன் அடிப்படை. இசுலாமியக் கலையில் தொன்றுதொட்டு வரும் வடிவம் அது. அவ்விண்மீன் நம் வீட்டு வாசற்கோலத்திலும் வரக் காண்கிறோம். அண்டை அயலார் கைகோத்து நிற்கும் ஒரு வடிவத்தை நம் பிள்ளை கவராயத்தைக் கொண்டு தானே வரைந்து காண்பது சிறிய செய்தி அன்று.

தோட்டமே ஒரு வடிவியல் ஏடு

தந்தையரும் தங்கள் தொழிலை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். செம்பனைக் கன்று நட முளைக்குச்சி அடிக்கும்போது சதுரமாக அடிப்பதில்லை, முக்கோணமாகவே அடிக்கின்றோம். மரத்திற்கு மரம் 9 மீட்டர் என்று கொண்டால், சதுர நடவில் ஒரு ஹெக்டருக்கு ஏறத்தாழ 123 மரங்களே நிற்கும். சமபக்க முக்கோண நடவிலோ ஏறத்தாழ 143 மரங்கள் நிற்கும். இடைவெளி அதேதான், நிலமும் அதேதான், வடிவம் ஒன்றே மாறியது, 20 மரங்கள் மிகுதியாயின. தாயார் வாசலில் வைக்கும் நேர்ப்புள்ளி சதுர நடவு; இடைப்புள்ளி முக்கோண நடவு. ஒரே வீட்டில் கணவர் காட்டிலும் மனைவி வாசலிலும் ஒரே வடிவத்தைக் கையாள்கின்றனர். அஃது இருவருக்கும் தெரிவதில்லை.

பால்மரத்தையும் பாருங்கள். ஒட்டுமரத்தில் வெட்டுக்கோடு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து, ஏறத்தாழ 30 பாகைச் சரிவில் இறங்குகிறது. பட்டையினுள் பால்குழாய்கள் சற்றே சாய்ந்து செல்வதால், அவற்றுள் மிகுதியானவற்றை அறுக்க இச்சாய்வு உதவுகின்றது. நம் மாணவரின் பெட்டியிலுள்ள மூலைமட்டத்தின் கூரிய முனையும் அதே 30 பாகைதான். இதனை வகுப்பில் கூறியபோது, “எங்கள் தாத்தா இதைக் கண்ணாலேயே அளப்பார்” என்று ஒரு மாணவன் பெருமையுடன் எழுந்து நின்றான். பாட்டனின் தொழிலைப் பற்றி ஒரு பிள்ளை வகுப்பறையில் தலைநிமிர்ந்து பேசியது எமக்கு மிக்க மகிழ்ச்சி அளித்தது.

கற்பிக்கும் முறை

எம் பள்ளியில் இப்பாடத்தை ஐந்து படிகளாக அமைத்துள்ளோம். பிற ஆசிரியர்க்கும் பயன்படலாம் எனக் கருதி இங்குத் தருகிறோம்.

முதற்படியில் ஒரு வட்டமும் மூன்று கோடுகளும் மட்டுமே. அவற்றைத் தாளில் எங்கு வைப்பது என்பதே வேலை. நடுவில் வைத்தால் வட்டம் அமைதியாக நிற்கிறது. மேல் மூலையில் வைத்தால் விழப்போவது போல் தோன்றுகிறது. இதைப் பிள்ளைகளே கண்டு கூறுவர்.

இரண்டாம் படியில் கவராயம். வட்டம் வரைந்த அதே அகலத்தை மாற்றாமல் சுற்றளவின்மேல் அடியெடுத்து வைத்தால் சரியாக ஆறு அடிகளில் தொடங்கிய இடத்திற்கே திரும்பும். புள்ளிகளை ஒன்றுவிட்டு ஒன்று இணைத்தால் அறுமுனை விண்மீன். வில்களாக இணைத்தால் ஆறிதழ் மலர். கவராயம் இல்லாதோர் ஆணியும் நூலும் கொண்டு வரையலாம். வெறும் வட்டத்திற்குப் புட்டி மூடியும் தேங்காய்ச் சிரட்டையும் போதும்.

மூன்றாம் படியில் இரு சதுரங்கள். முழுச் சுற்று 360 பாகை. எட்டால் வகுத்தால் 45. அந்த அளவிற்குத் திருப்பினால் எண்முனை விண்மீன் பிறக்கும். கணிதம் இங்கே அழைக்காமலே வந்து அமர்கின்றது.

நான்காம் படியில் வண்ணம். மூன்று வண்ணங்களுக்கு மேல் எடுக்கலாகாது. பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் ஒரே வண்ணம் பெறலாகாது. சில அமைப்புகளில் மூன்று வண்ணம் போதாது என்று பிள்ளைகள் முறையிடுவர். அப்போது நான்காவதைத் தருவோம். ஐந்தாவதைக் கேட்கும் தேவையே வாராது. தாளின்மேல் வரையும் எத்தகைய நிலப்படத்திற்கும் நான்கு வண்ணங்கள் போதும் என்பதைக் கணிதப் பேரறிஞர்கள் இருவர் 1976இல் கணினியின் துணைகொண்டு மெய்ப்பித்தனர். நூறாண்டுகளுக்கு மேல் அறிஞர்களை அலைக்கழித்த கணக்கின் வாயிலில் நம் ஐந்தாம் ஆண்டு மாணவன் வண்ணக்கோலுடன் நிற்கிறான்.

ஐந்தாம் படியில் சொந்தப் படைப்பு. மூன்று வடிவம், மூன்று வண்ணம் எனும் கட்டுப்பாடு மட்டும் உண்டு. முடித்தபின் தாளைக் கைநீட்டிப் பிடித்தும், தலைகீழாகத் திருப்பியும் பார்க்க வேண்டும். வகுப்பினர் ஒருவர் படைப்பைப் பற்றி மற்றவர் பேசும்போது, “அழகாக இருக்கிறது” என்று சொல்லலாகாது. கண் முதலில் எங்குச் சென்றது, ஏன் சென்றது என்றே சொல்ல வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். அச்சிட்ட கோலத்தைப் படியெடுத்துக் கொடுத்து, “வண்ணம் தீட்டு” என்பது இப்பாடம் அன்று. அது பிள்ளையை அமைதிப்படுத்தும் உத்தி. இருபுறமும் ஒத்திருந்தால்தான் அழகு என்று கற்பிப்பதும் குறையே. கோலம் ஒப்புமையால் நிற்கிறது. மோந்திரியானின் ஓவியமோ ஒரு பெரிய வெண்கட்டத்திற்கு எதிரே ஒரு சிறு சிவப்புக் கட்டத்தை வைத்துத் தராசுபோல் நிறுத்துகிறது. இரண்டையும் பிள்ளை அறிய வேண்டும்.

“சரியா ஐயா?”

இனி இக்கட்டுரையின் உயிரான கருத்துக்கு வருகிறோம்.

மேற்சொன்ன அம்மையாரின் மகன் வாசிப்பில் பின்தங்கியவன், அதிகம் பேசாதவன். வடிவியல் ஓவியம் தொடங்கிய புதிதில் ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை தாளைத் தூக்கிக்கொண்டு எம் மேசைக்கு வருவான். “சரியா ஐயா?” என்பான். ஆம் என்றால் போவான்; இல்லை என்றால் அழிப்பான். ஒருநாள், “எம்மைக் கேளாதே, நீயே பார்த்துச் சொல்” என்றோம். அவன் திகைத்து நின்றான். அத்தகைய கட்டளையை அவனுக்கு எவரும் இட்டதில்லை என்பது அவன் முகத்தில் தெரிந்தது.

தன் இடத்திற்குச் சென்றான். தாளைக் கைநீட்டிப் பிடித்தான், திருப்பினான், நெடுநேரம் பார்த்தான். பின் ஒரு வட்டத்தை மட்டும் அழித்தான். திரும்ப வந்து, “இந்தப் பக்கம் கனமாக இருந்தது ஐயா. எடுத்துவிட்டேன்” என்றான். அந்த மாணவனின் வாயிலிருந்து நாம் கேட்ட முதல் தீர்ப்பு அது. அத்தாளைத்தான் அவன் தாயார் கையில் பிடித்துக்கொண்டு எம் வாயிலில் நின்றார்.

நம் பிள்ளைகள் கீழ்ப்படியக் கற்றவர்கள். அவர்தம் பெற்றோரும் பாட்டன்மாரும் தண்டலின் சொல்லுக்கும் கிராணியின் ஏட்டிற்கும் கீழ்ப்படிந்தே வாழ்ந்தனர். ‘சரியா?’ என்று கேட்பது அக்குருதியிலேயே ஊறிவிட்டது. கணிதம் விடை சரியா எனக் கேட்கிறது. இலக்கணம் சந்தி சரியா எனக் கேட்கிறது. அவை தேவையே, மறுக்கவில்லை. ஆயின், விதிக்குக் கட்டுப்பட்டு நின்று, அவ்விதிக்குள் எது நன்று என்பதைத் தன் கண்ணாலும் தன் அறிவாலும் தானே முடிவு செய்யப் பழகும் பாடவேளை ஒன்றாவது பிள்ளைக்கு வேண்டாமா? நாளை தொழிலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒப்பந்தத்தில் கையொப்பமிட வேண்டும். தோட்டம் துண்டாடப்பட்டால் எங்குக் குடிபோவது எனத் தீர்மானிக்க வேண்டும். அங்கெல்லாம் ‘சரியா?’ என்று கேட்க ஆசிரியர் இருக்கமாட்டார்.

“கைப்பேசியில் விரலை வைத்தால் ஆயிரம் வடிவம் வருகிறதே, கையால் வரைவது எதற்கு?” என்பாரும் உளர். உண்மை, ஆயிரம் வரும். அவ்வாயிரத்துள் நல்லது எது என்று தேரும் கண்ணை அக்கருவி தருவதில்லை. அக்கண், அழித்து அழித்து வரைந்த கையினால் வளர்வது.

எம் வேண்டுகோள்

ஆசிரிய நண்பர்களே! ஓவியப் பாடவேளையைக் கடன் கேளாதீர்கள், கேட்டாலும் கொடாதீர்கள். நாம் முன்னர்ச் செய்த பிழையை நீங்கள் செய்ய வேண்டியதில்லை.

பெற்றோர்களே! கடையில் விற்கும் ஒட்டுக்கோலத்தை வாசலில் ஒட்டிவிட்டு, கோலமாவைப் பரணில் ஏற்றிவிடாதீர்கள். வாரத்தில் ஒருநாளேனும் பிள்ளையை அருகில் அமர்த்திப் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். ஆண்பிள்ளைக்கு எதற்கு என்று ஒதுக்காதீர்கள். முளைக்குச்சி அடித்த கைகளும் ஆண்களின் கைகளே.

மாணவச் செல்வங்களே! நம் தேசியக் கொடியின் விண்மீனுக்கு 14 முனைகள். 360ஐ 14ஆல் வகுத்துப் பாருங்கள், மீதியின்றி வாராது. பாகைமானி கைவிடும் இடத்தில் கண்ணும் பொறுமையும்தான் துணை. விடுமுறையில் முயன்று, வரைந்ததை எம்மிடம் கொண்டுவந்து காட்டுங்கள். “சரியா?” என்று மட்டும் கேளாதீர்கள், நீங்கள் என்ன கண்டீர்கள் என்று சொல்லுங்கள்.

இவ்வாண்டு மாணவர் வரைந்த வடிவியல் ஓவியங்களைப் பள்ளி மண்டபச் சுவரில் மாட்டி வைத்துள்ளோம். காண வரும் பெற்றோர், “இது என்ன படம்?” என்று பிள்ளையைக் கேட்க வேண்டா. “என் கண் முதலில் இங்கே போகிறது, உன் கண் எங்கே போகிறது?” என்று கேளுங்கள். பிறகு சற்றே காத்திருங்கள். உங்கள் பிள்ளை பேசுவான்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!

தலைமையாசிரியர்